நூறு ரூபாய், நூறு நாள்

தண்டல் அட்டை உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் நூறு கட்டம் போட்டிருக்கும். சாயங்காலம் வசூலுக்கு வருகிறவர் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார். ஞாயிறுதோறும் போச்சம்பள்ளியில் கூடுவது போன்ற பெரிய சந்தைகளில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய் கடன் என்றால் எடுத்த எடுப்பிலேயே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

இதற்கு வட்டி எவ்வளவு? பதினைந்து சதவீதம் என்பார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர், கையில் வந்தது 8,500 தானே, அதற்கு 1,500 என்றால் 17.6 சதவீதம், அதுவும் நூறே நாளுக்கு, ஆகவே ஆண்டுக்கு 64 என்று கணக்குப் போடுவார். அதுவும் சரியில்லை. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம். ஊர்ப் பேச்சில் சொன்னால் பத்து வட்டி.

காரணம் எளிது. முதல் நாள் மாலையே நூறு ரூபாய் திரும்பிப் போய்விடுகிறது. ஐம்பதாவது நாளில் நம்மிடம் மிச்சமிருக்கும் கடன் சுமார் 4,600 ரூபாய். நூறு நாளுக்கும் சராசரி பார்த்தால் நாம் உண்மையில் வைத்திருந்து பயன்படுத்திய பணம் 4,500 ரூபாயை ஒட்டித்தான் வரும். அந்த 4,500க்குத்தான் 1,500 ரூபாய் வட்டி கொடுத்திருக்கிறோம். கடன் தேயத் தேய வட்டியும் தேய வேண்டும். இங்கே வட்டி முன்கூட்டியே மொத்தமாக எடுக்கப்பட்டுவிட்டது.

பைக் கடனில் ‘பிளாட் ரேட்’ என்று சொல்வதும் இதே கணக்குத்தான். ஒரு லட்சம், இரண்டு ஆண்டு, பிளாட் 12 சதவீதம் என்றால் மாதத் தவணை 5,167 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி என்று பார்த்தால் அது 21.6 சதவீதம்.

போச்சம்பள்ளிக்கு அருகிலுள்ள பாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இப்போது அவசரமாகத் தெரிந்தாக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பணம் நெல்லிலிருந்தும் தேங்காயிலிருந்தும் மாங்காயிலிருந்தும் வந்தது. இப்போது ஓசூர் சிப்காட், பர்கூர் சிப்காட், 2021இல் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை தொடங்கிய போச்சம்பள்ளி சிப்காட் என்று பக்கத்திலேயே மாதச் சம்பளம் இருக்கிறது. இருபது, இருபத்திரண்டு வயதில் வங்கிக் கணக்கில் முதல் சம்பளம் விழுந்த சில மாதங்களில் போனுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். தவணையில் புதுப் போன், முன்பணம் இல்லாத பைக், கிரெடிட் கார்டு, ஐந்து நிமிடத்தில் பணம் தரும் கடன் செயலி என்று வரிசையாக வரும். அப்பா தலைமுறைக்குக் கடன் கொடுப்பவரின் முகம் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு குறுஞ்செய்திதான் வருகிறது.

கிரெடிட் கார்டு என்றால் அந்தக் குறுஞ்செய்தியில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்த பாக்கி, ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகை. ஆபத்து இரண்டாவதில் இருக்கிறது. கார்டில் 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம், வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., குறைந்தபட்சத் தொகை வட்டியும் சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்ட வேண்டியது சுமார் 2,600 ரூபாய். அடுத்த மாதம் பாக்கி துளி குறைந்திருப்பதால் கேட்கும் தொகையும் துளி குறையும். கேட்டதை மட்டும் ஒழுங்காகக் கட்டி, புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தாலும் கடன் பாதியாக 64 மாதம் ஆகும். அதற்குள் சுமார் 1,21,000 ரூபாய் கட்டியிருப்போம். இன்னும் 25,000 பாக்கி நிற்கும்.

இதில் என்னை வியக்க வைப்பது அடுத்த கணக்கு. அதே கடன், அதே வட்டி. வங்கி கேட்கும் தொகை குறைந்துகொண்டே போனாலும் நாம் குறைக்காமல், முதல் மாதம் கட்டிய அதே 2,600 ரூபாயை மாதாமாதம் கட்டுகிறோம். 39 மாதத்தில் கடன் முழுதும் தீர்ந்துவிடும். சம்பளம் உயரவில்லை, முதல் மாதம் கட்டியதைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கட்டவில்லை. ஐயாயிரமாகக் கட்ட முடிந்தால் 14 மாதத்தில் முடியும்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது புத்திசாலிகள் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்? ஊதாரித்தனம், பொறுப்பில்லாமை என்பது வீட்டில் கிடைக்கும் பதில். தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு வேறு பதில் தருகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவோ ஆகிய நால்வர் ஆராய்ந்தார்கள். 2013இல் அது ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்தது.

கரும்புக்காரருக்குப் பெரும் பணம் வெட்டு முடிந்த பிறகு ஒரே தடவையாக வருகிறது. வெட்டுக்கு முந்திய மாதங்களில் கை காய்ந்திருக்கும். அப்போது 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பணம் வந்த பின் 4 சதவீதம் பேர்தான். ஆய்வாளர்கள் ஒரே மனிதரை இரண்டு காலத்திலும் சோதித்தார்கள். ஒரு சோதனையில் ‘5 5 5’ என்று எழுதிக் காட்டி, எத்தனை எண் இருக்கிறது என்று கேட்பார்கள். ‘மூன்று’ என்பது விடை. வாய் ‘ஐந்து’ என்று சொல்லத் துடிக்கும், அதை அடக்க வேண்டும். இப்படிப்பட்ட கேள்வி வரிசை முழுவதையும் முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 விநாடி பிடித்தது, பின்னர் 131 விநாடி. வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு தேர்வில், வெட்டுக்கு முன் 4.35 சரியான விடை, பின் 5.45. ஆலையின் வெட்டு உத்தரவு ஆளுக்கொரு நேரத்தில் வருவதால், பருவத்தின் விளைவையும் தனியே பிரித்துப் பார்க்க முடிந்தது.

பணத் தட்டுப்பாடு மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது என்பதே அவர்கள் முடிவு. கேள்வி கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி வித்தியாசம் தென்படவில்லை. சம்பளத்துக்குக் காத்திருக்கும் சில நாளும் வெட்டுக்குக் காத்திருக்கும் பல மாதமும் ஒன்றல்ல என்று நான் நினைக்கிறேன். இரவு ஷிப்டில் இயந்திரத்தின் முன் நிற்கும்போது, நாளைக் காலை கணக்கிலிருந்து தவணை எடுக்கப்படுமே, பணம் இல்லையென்றால் அபராதம் விழுமே என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருப்பவருக்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

சரி, யாராவது கடனை மொத்தமாக அடைத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோரின் ஆய்வு அது. சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் தினவட்டிக்கு வாங்கிப் பிழைக்கும் சந்தை வியாபாரிகளின் கடனை அடைத்து விடுதலை செய்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மறுபடி கடன் வாங்கிவிட்டார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களும் பெறாதவர்களும் ஒரே அளவு கடனில் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு ‘அவர்கள் திருந்த மாட்டார்கள்’ என்று சொன்னால் அநியாயம். கடன் போனது, கையிருப்பு வரவில்லை. மழை பெய்து ஒரு நாள் வியாபாரம் படுத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அந்த அடியைத் தாங்க இடையில் ஒன்றும் இல்லை. முதல் இடறலே நேராக வட்டிக்காரரிடம் கொண்டுபோய் விட்டது.

அந்த வியாபாரிகளின் தினக் கணக்கில் இன்னொரு ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. காலையில் ஆயிரம் ரூபாய் வாங்கி, சரக்கெடுத்து விற்று, மாலையில் ஐம்பது ரூபாய் வட்டியோடு திருப்பித் தருகிறார் ஒருவர் என்று வையுங்கள். அவர் தினமும் ஐந்து ரூபாயை மட்டும் தனியே எடுத்து, மறுநாள் அவ்வளவுக்குக் குறைவாகக் கடன் வாங்குகிறார். ஆயிரத்தை ஐந்தால் வகுத்தால் 200 நாள் ஆக வேண்டும். ஆனால் 50 நாளில் கடனே வாங்க வேண்டியிராது. கடன் குறையும்போது மிச்சமாகும் வட்டியையும் சேர்த்து ஒதுக்கினால், கடனை வளர்த்த அதே கூட்டுவட்டி அதைத் தின்னத் தொடங்கும். வட்டி எவ்வளவு கொடியதோ அவ்வளவு வேகமாகக் கரையும்.

ஆகவே வரவு செலவுத் திட்டம் என்பதைச் சிக்கனப் பாடமாகப் பார்ப்பதைவிட, பணம் வரும் நாளுக்கும் போகும் நாளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பும் வேலையாகப் பார்ப்பது சரி. பாரூர்க்காரர்களுக்கு இது கண்ணெதிரே இருக்கிறது. தென்பெண்ணையில் தண்ணீர் வருகிற நாளில்தான் வரும். அதை நெடுங்கல் அணைக்கட்டில் திருப்பிப் பாரூர் பெரிய ஏரியில் நிறுத்தி, கிழக்கு, மேற்கு என்று இரண்டு கால்வாய்களில் முறை வைத்துத் திறப்பதால் 2,397 ஏக்கர் விளைகிறது. ஆறு வற்றிய வாரத்திலும் வயலுக்கு முறைத் தண்ணீர் உண்டு.

சம்பளத்துக்கும் அப்படி ஓர் இடைத்தேக்கம் வேண்டும். அதற்கு முதல் வேலை, செலவைத் தலைப்புவாரியாக எழுதாமல் தேதிவாரியாக எழுதுவது. ஓசூரில் ரூம் வாடகை எந்தத் தேதி, மெஸ்ஸுக்கு எந்தத் தேதி, ஊருக்கு அனுப்புவது எப்போது, தவணை எப்போது? மாதத்தில் எந்த வாரம் கை வறள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தவணைத் தேதியைச் சம்பளத்துக்கு மறுநாளாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; பல இடங்களில் மாற்றித் தருவார்கள். பாதி அவசியத்துக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005இல் எழுதிய சூத்திரம் இணையமெங்கும் சுற்றுகிறது. பதினெட்டாயிரம் சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்புகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. பொருந்தவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்.

இரண்டாவது, ‘திடீர்ச் செலவு’. அபிகெய்ல் சஸ்மன், ஆடம் ஆல்ட்டர் இருவரும் 2012இல் காட்டியது இது: எப்போதாவது வரும் செலவை ஒவ்வொரு தடவையும் ‘இது ஒரு தடவைதான்’ என்று மனசு ஒதுக்கிவிடுகிறது, அப்படி ஒதுக்கியவை சேர்ந்து மாதா மாதம் வந்துகொண்டே இருக்கின்றன. பொங்கல் துணி, ஆவணியிலும் தையிலும் மொய், வண்டி இன்சூரன்ஸ், தங்கை கல்லூரிக் கட்டணம். ஒரு வருடத்துக்கு இவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பள நாளிலேயே வேறொரு கணக்கில் போட வேண்டும். வேறு கணக்கு என்பது முக்கியம். இந்தியாவில் தினக்கூலிக் கட்டடத் தொழிலாளர்களிடம் திலீப் சோமனும் அமர் சீமாவும் செய்த ஆய்வில், சேமிப்பை உறையிலிட்டு மூடி, மேலே அவர்கள் பிள்ளைகளின் படத்தை ஒட்டினார்கள். பணம் கூடுதலாகத் தங்கியது. ஒரே உறைக்குப் பதில் இரண்டு உறையாகப் பிரித்தபோது இன்னும் தங்கியது. நம் அம்மாக்கள் கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் தனித்தனியே போட்டு வைத்ததும் இந்த அறிவுதான்.

கடன் நாலைந்து இருந்தால் எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமானதை என்கிறது கணக்கு. சிங்கப்பூரில் நீண்டகாலக் கடனில் இருந்த 196 பேரின் பாக்கியை ஒரு தொண்டு நிறுவனம் அடைத்தபோது ஓங், தெசைரா, இங் ஆகியோர் ஆராய்ந்து 2019இல் எழுதியதில் மனசின் கணக்கு தெரிகிறது: எவ்வளவு பணம் தீர்ந்தது என்பதைவிட, எத்தனை கடன் முற்றாக மூடப்பட்டது என்பதே பதற்றத்தைக் குறைத்தது, சிந்தனையைத் தெளிவாக்கியது. என் யோசனை இது. தண்டல், செயலிக் கடன், கார்டு மூன்றும் பைக் கடனுக்கு முந்தியவை. அவற்றுக்குள் சின்னதை முதலில் மூடுங்கள். வீட்டில் சம்மதம் இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைக்கலாம். வட்டி கார்டைவிட வெகுவாகக் குறையும். கார்டை மறுபடி தேய்த்தால் மட்டும் நகையும் சேர்ந்து போகும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரு விவரத்தாளில் எழுதித் தர வேண்டும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள். வங்கி, நிதி நிறுவன வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. கடன் செயலிக்காரர்கள் உங்கள் படத்தை மாற்றி மிரட்டினால் 1930க்கு அழையுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்தில் மறைப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

பைக் கடனின் கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடன் குறிப்பை நீக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும் கடன் வரலாற்று அறிக்கையில் அந்தக் கணக்கு ‘க்ளோஸ்டு’ என்று இருக்கிறதா, ‘செட்டில்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘செட்டில்டு’ என்றால் முழுதும் கட்டாமல் பேசி முடித்ததாகப் பொருள், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். அதற்கடுத்த மாதம் முதல், பழகிப்போன அதே தேதியில், அதே தவணைத் தொகை அஞ்சலகத்துத் தொடர் வைப்புக்குப் போகட்டும். மாதம் நூறு ரூபாயிலிருந்தே அதைத் தொடங்கலாம்.