புற்றரை மண்ணும் நூற்புழுப் பரிசோதனையும்

பெங்களூரில் வாழும் நம்மவருக்குப் புற்றரை புதியதன்று. 1760 ஆம் ஆண்டில் ஹைதர் அலி தொடங்கிய லால் பாக்கிலும், 1870 ஆம் ஆண்டில் அமைந்த கப்பன் பூங்காவிலும் மாலை வேளையில் உலவாதவர் நம்முள் சிலரே. பள்ளி மைதானங்களிலும் வீட்டு முற்றங்களிலும் புல் வளர்த்துப் பேணும் தமிழர் பலர். நாம் புல் என்பதைக் கன்னடத்தார் ஹுல்லு என்பர். மண்ணை மண்ணு என்றே வழங்குவர். ஆகவே புல்லையும் மண்ணையும் பற்றிப் பேசுவதற்கு மொழி நமக்குத் தடையாகாது.

நீர் குறைவின்றிப் பாய்ச்சியும், உரம் இட்டும், சில இடங்களில் புல் திட்டுத் திட்டாக மஞ்சளித்து, நண்பகலில் வாடி நிற்பதைக் காண்கிறோம். தோட்டக்காரர் மேலும் நீர் விடுகிறார். மேலும் உரம் இடுகிறார். முடிவில் நஞ்சை வாங்கி இடுகிறார். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்திடுவது முறையாகுமா?

இத்தகைய வாட்டத்திற்குரிய காரணங்களுள் ஒன்று நூற்புழு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள, கண்ணுக்குப் புலப்படாத புழு இது. ஊசி போன்ற வாயுறுப்பால் வேரைத் துளைத்து அதன் சாற்றை உறிஞ்சும். வேர் குட்டையாகிக் கறுத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் புல்லால் அதனைப் பருக இயலாது. தென்னாட்டிற்கு இப்புழு நெடுநாள் அறிமுகமானது. நீலகிரியைச் சார்ந்த தேவாலாவில் தேயிலை வேரில் வேர்முடிச்சு நூற்புழுவைப் பார்பர் என்பார் 1901 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். 1961 ஆம் ஆண்டில் அதே மலையில் உருளைக்கிழங்கைத் தாக்கும் மற்றொரு நூற்புழுவை ஜோன்ஸ் என்பார் கண்டார்.

உரக்குறையும் நீர்க்குறையும் இதே தோற்றத்தைத் தருமாதலின், கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கூற இயலாது. மண்ணைப் பரிசோதித்தே அறிதல் வேண்டும். இங்கே ஒரு நுட்பத்தை நாம் மறத்தலாகாது. சத்துக்களை அளப்பதற்கு அனுப்பும் மண்ணை உலர்த்தி அனுப்புகிறோம். நூற்புழுவிற்கான மண்ணோ உயிருள்ள பொருள். 1917 ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் பெயர்மன் என்ற மருத்துவர் வகுத்த புனல் முறை இன்றும் ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. புனலில் நீர் நிரப்பி, துணியிலோ மெல்லிய தாளிலோ மண்ணை வைத்து அந்நீரில் படியவிடுவர். உயிரோடிருக்கும் புழுக்கள் ஊர்ந்து நீரில் இறங்கி அடியில் தங்கும். இறந்தவை மண்ணிலேயே கிடக்கும். எனவே வழியில் புழுக்கள் மடிந்தால், நோயுற்ற மண்ணும் குற்றமற்றதெனச் சான்று பெற்றுவிடும்.

மண் எடுக்கும் முறை எளிதே. முற்றிலும் காய்ந்துபோன திட்டின் நடுவில் எடுத்தல் கூடாது. உண்ண வேரின்றிப் புழுக்கள் அவ்விடத்தில் குறைந்திருக்கும். வாடத் தொடங்கிய ஓரத்திலேயே எடுத்தல் வேண்டும். மழைக்காலத்தில் புல் தழைத்து வளரும் பருவம் இதற்கு ஏற்றது. மண் ஈரமாயிருத்தல் நலம். சேறாகவோ புழுதியாகவோ இருத்தலாகாது. சிறு குழாய்க் கருவியால் பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை, பதினைந்து முதல் இருபது இடங்களில் வேரோடு மண்ணை எடுத்து, ஒரு வாளியில் மெல்லக் கலந்து, அரை லிட்டர் அளவு பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டுக. நன்றாயுள்ள இடத்திலிருந்தும் இவ்வாறே வேறொரு பையில் எடுத்தல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டாலன்றி எண்ணிக்கையின் பொருள் விளங்காது.

இடத்தின் பெயர், எடுத்த நாள், புல்லின் வகை, முன்பு இட்ட மருந்து ஆகியவற்றைப் பையின் வெளிப்புறத்தில் எழுதுக. உள்ளே இட்ட காகிதம் ஈரத்தில் நைந்துவிடும். பையை வெயிலில் வைத்தலும், நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லுதலும், தூக்கி எறிதலும் புழுவைக் கொல்லும். உறையவைத்தலும் ஆகாது. நிழலில் குளிர்ச்சியாக வைத்து, இயன்றால் அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்தல் வேண்டும்.

பெங்களூரில் இதற்கு நாம் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. 1964 ஆம் ஆண்டில் தோன்றிய வேளாண்மைப் பல்கலைக் கழகம், 1967 ஆம் ஆண்டில் தோன்றிய ஹெசரகட்டா இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகிய இரண்டும் இந்நகரைச் சார்ந்தவை. மண் எடுக்குமுன்பே, அதனைப் பெற்றுக்கொள்ளும் நாளையும் கட்டணத்தையும் அங்கே கேட்டறிந்து கொள்வது நலம்.

நூற்புழுவிற்கென ஒருகாலத்தில் வழங்கிய போரேட் என்னும் நஞ்சின் பயன்பாடு, 2020 ஆம் ஆண்டின் இறுதியோடு நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கும் பறவைக்கும் கொடிய நஞ்சு அது. புற்றரை என்பது குழந்தைகள் உருண்டு விளையாடும் இடம். அங்கே காரணம் அறியாமல் நஞ்சிடுவதைக் காட்டிலும், இரு பை மண்ணைப் பக்குவமாய்க் கொண்டு சேர்ப்பது எளிது, செலவும் குறைவு. புழு இல்லையென்று முடிவு வருமாயின் நஞ்சு தேவையில்லை. உண்டென்று வருமாயின் அதன் இனத்தையும் அளவையும் அறிந்து, வல்லுநர் கூறும் வழியில் செல்லலாம். எவ்வாறாயினும் நமக்கு நன்மையே.