சீட்டில் ஒட்டிய முகங்கள்



நம் தெருக்களில் பாட்டன் படம் மாட்டிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூட்டன் படம் இருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. ஆனால் கடல் கடந்து போன நம்மவர்களின் முகங்கள் அந்தக் காலத்திலேயே படமாகியிருக்கின்றன. மொரீசியசின் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை இருக்கின்றன. அந்த முகங்களைப் பார்க்கும்போது, யாருக்காக எடுத்த படம் இது என்று முதலில் கேட்டாக வேண்டும்.

மொரீசியசுக்கு இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் 1815 முதல் நாடுகடத்தினார்கள். சாலை போட்டவர்கள் அவர்கள்தாம். அப்போது கேமரா கிடையாது. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் வங்காளத்திலும் சென்னையிலும் இருந்தது. 1849இல்தான் அது ஒழிந்தது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனாலும் ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள், தம் படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867இல் சட்டம் வந்தது. சீட்டில்லாமல் போலீசிடம் சிக்கினால் நாடோடி என்று பிடித்துப்போவார்கள். பச்சை குத்திய இடத்துக்குப் புகைப்படம் வந்துவிட்டது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1871இல் 9,401 பேர் மனுக் கொடுத்தார்கள். அதை எழுத உதவியவர் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர். அடுத்த ஆண்டே விசாரிக்க அரச ஆணையம் வந்திறங்கியது.

படங்களைப் பார்க்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகம் இறுகியிருப்பதைக் கண்டு உடனே துயரம் என்று எழுதிவிடாதீர்கள். அன்றைய கேமராவுக்குச் சில நொடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டும். யாராக இருந்தாலும் முகம் இறுகத்தான் செய்யும். முண்டாசை எப்படிக் கட்டியிருக்கிறார், மூக்குத்தி இருக்கிறதா, மடியில் குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்தவன் கேட்காத சேதிகள் அங்கேதான் இருக்கின்றன. படியாளாகக் கிடந்த ஊரைவிட்டுத் தப்பிப் போனவர்களும் இவர்களில் உண்டு. எல்லோரையும் ஏமாந்தவர்களாகவே எழுதுவது நமக்கு ஒப்பவில்லை.

படத்தோடு பதிவேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உடல் அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். திருவண்ணாமலை அன்று தென்னாற்காட்டில் இருந்தது. தேடுகிறவர்கள் வடாற்காட்டை மட்டும் புரட்டிவிட்டுத் திரும்பக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். அவற்றை வாய்விட்டுப் படித்துக் காட்டினால், இது எந்த ஊர் என்று நம் கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.