பழைய வடிவக் காரா, புதிய வடிவக் காரா?

ஒரு காரின் புதிய வடிவம் சந்தைக்கு வரும்போது, எஞ்சியுள்ள பழைய வடிவக் கார்களை விற்பனையாளர்கள் தள்ளுபடி விலையில் விற்பது வழக்கம். இவற்றுள் எதை வாங்குவது என்பதை விலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

இதற்கு மாருதி சுசுகி டிசையர் நல்ல எடுத்துக்காட்டு. 2017 இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கு மாற்றாக, நான்காம் தலைமுறை 2024 நவம்பரில் இந்தியாவில் அறிமுகமானது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. திறன் சற்றுக் குறைந்தது. கையால் கியர் மாற்றும் வகையின் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 22.41 கிலோமீட்டரிலிருந்து 24.79 ஆக உயர்ந்தது. எஞ்சினின் மென்மையான ஓட்டத்தை விரும்புவோருக்குப் பழையது பிடிக்கலாம்.

பெரிய வேறுபாடு பாதுகாப்பில் உள்ளது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பழைய டிசையர் 2 நட்சத்திரமும் புதியது 5 நட்சத்திரமும் பெற்றன. புதியதில் எல்லா வகைகளிலும் 6 காற்றுப்பைகள் உள்ளன.

பின்புறக் கேமரா, அலாய் சக்கரம் போன்றவற்றைப் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். உடற்கட்டமைப்பின் உறுதியையும் காற்றுப்பைகளையும் அவ்வாறு சேர்க்க முடியாது. எனவே முதலில் இவற்றை ஒப்பிட வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டும் சமமாக இருந்தால், தள்ளுபடியை மறுவிற்பனை இழப்புடன் ஒப்பிடலாம். காரின் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சரிபார்ப்பது அவசியம். பல ஆண்டுகள் வைத்திருப்போருக்கு மறுவிற்பனை இழப்பு பெரிதாகத் தெரியாது.