சர்ச் நோட்டில் ஒளிந்திருக்கும் தாத்தா: 400 வருஷத்துக்கு முந்தைய மூதாதையரை இங்கிலாந்தில் எப்படி தேடுறாங்க?

2016இல் பிபிசியின் குடும்ப வரலாறு நிகழ்ச்சி ஒன்றில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' சீரியல் நடிகர் டேனி டையர் கலந்துகொண்டார். கிழக்கு லண்டனில் சாதாரண குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முன்னோர்களைத் தேடிப் போனால், மன்னர் எட்டாம் ஹென்றியின் வலதுகரமாக இருந்த அமைச்சர் தாமஸ் குரோம்வெல் வந்து நின்றார்!

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் சாமானியர்களின் முன்னோரைக்கூட இன்று தேட முடிகிறது என்றால், அதற்கு முக்கிய காரணமே அந்த குரோம்வெல்தான். ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் நோட்டில் எழுதணும் என்று 1538இல் உத்தரவு போட்டவர் அவர். 'புது வரி போடத்தான் கணக்கு எடுக்கிறாங்க' என்று மக்கள் பயந்தார்கள்.

அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் அங்கே 1837இல்தான் வந்தது. அதற்கு முன்னால் போகணும்னா சர்ச் பதிவேடுதான் கதி. ஆனால் பழைய தாள்கள் பல அழிந்துவிட்டன. 1598இல் எல்லாவற்றையும் தோலில் நகலெடுக்கச் சொன்னபோது, பல ஊர்களில் 1558க்குப் பிறகு உள்ளதை மட்டும் எழுதி முடித்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் 1564 ஞானஸ்நானப் பதிவாக நாம் பார்ப்பதும் இப்படி எடுத்த நகல்தான்.

தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது தேதியில். 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. முதலாம் எலிசபெத் ராணி இறந்தது 1603 மார்ச் 24. அன்றைய கணக்கில் அது 1602இன் கடைசி நாள்! 1602 ஜூனில் கல்யாணம், 1602 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவு இருந்தால் குழப்பமே வேண்டாம், குழந்தை பிறகுதான்.

அடுத்த தலைவலி, பெயர். ஒரே ஊரில் நாலு ஜான் இருப்பார்கள். நம்ம ஜான் யார்? உயில் கிடைத்தால் தப்பித்தோம். மனைவி, மகன், கல்யாணமான மகளின் புதுப் பெயர் என எல்லாம் அதில் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1384 முதல் 1858 வரையிலான உயில்கள் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வசதியானவர்களுடையவை. கூலி வேலை செய்தவருக்கு பதிவேட்டில் இரண்டு மூன்று வரிதான் மிஞ்சும்.

அந்தப் பதிவேடும் தொலைந்திருந்தால்? வருஷா வருஷம் பிஷப்புக்கு ஒரு நகல் போகணும் என்பதும் 1598 உத்தரவில் இருந்தது. அது கிடைக்குமா என்று அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.