ஷிப்டு முடிந்து வந்தாலும் பாடம் உண்டு

சிவாஜிநகரிலிருந்து ஔந்துக்குப் போகும் வழியில், கணேஷ்கிண்டில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகத்தில் டெலிவிஷன் பாடங்கள் தயாரிக்கும் நிலையம் ஒன்று உண்டு. 1984 ஆகஸ்டு 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் தொடங்கிய வகுப்புகளில் அங்கு தயாரான நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. இன்சாட் 1-பி வழியே நாடெங்கும் ஒளிபரப்பு; ஆனால் நேரமோ மதியம், மொழியோ ஆங்கிலம். அவ்வேளையில் ஔந்திலும் கட்கியிலும் வாழும் நம்மவர் ஆலையிலோ ஆபீசிலோ அல்லவா இருப்பார்கள்!

இன்று நிலைமை வேறு. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து, சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இரவு ஷிப்டு முடிந்து வந்தும் கைபேசியில் கேட்கலாம்; புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பவும் கேட்கலாம். கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டி, பரீட்சை மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

ஆசிரியர் பேசுவதை யந்திரம் எழுத்தாக்கி மொழிபெயர்க்க, விஷயம் அறிந்தவர்கள் திருத்துகிறார்கள். இப்படிப் பல பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. யந்திரத் தமிழ் சில இடங்களில் கரடுமுரடுதான். ஆயினும் இங்கிலீஷுக்குப் பயந்து படிப்பை விட்டவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

பரீட்சை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆகவே தமிழில் கேட்பவர்கள் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.