144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் 60-லேயே நிற்கிறதா? கடைக்குப் போகும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை இப்போது கணினித் திரையில்தான் முடிவாகிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். அங்கே திரையில் மாறுவது எண்கள் மட்டுமே. அதற்குச் சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரே தாராளம்.

ஆனால், வீட்டில் கதை வேறு. போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் ஒரு குடும்பம், ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த மாதத்தில் பிள்ளைக்குப் புது மானிட்டர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடியோ எடிட்டிங் கற்கவும், கேம் விளையாடவும் வாங்கியது. பெட்டியில் பெரிதாக ‘144 ஹெர்ட்ஸ்’ என்று போட்டிருக்கிறது. மாட்டிப் பார்த்தால் பழைய மானிட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செட்டிங்ஸில் 60 என்று இருக்கிறது. ‘கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்’ என்று அப்பா கோபப்படுகிறார்.

பெரும்பாலும் மானிட்டரில் குறை இருக்காது. கேபிள், சொருகிய இடம், செட்டிங்ஸ், டிரைவர் ஆகிய நான்கில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். போடிக்கோ தேனிக்கோ மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன், இவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஹெர்ட்ஸ் என்றால் என்ன?

திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை புதுப் படத்தைக் காட்டுகிறது என்பதுதான் ரெஃப்ரெஷ் ரேட். 60 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு படம். 144 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 6.9 மில்லி விநாடிக்கு ஒரு படம். உங்கள் போனின் டிஸ்ப்ளே செட்டிங்ஸிலேயே 60, 90, 120 என்று பார்த்திருப்பீர்கள். கூடுதலாக வைத்தால் விரலால் தள்ளும்போது எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போகும். அதேதான் இங்கும்.

செட்டிங்ஸில் 60-க்குப் பதில் 59 அல்லது 59.94 என்று காட்டினால் பதற வேண்டாம். 59.94 என்பது பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த கணக்கு. அது கோளாறு இல்லை.

1. கேபிளைப் பாருங்கள்

பழைய மானிட்டரின் நீல முனை விஜிஏ கேபிளையே புது மானிட்டருக்கும் மாட்டுவது பலர் வீட்டில் நடப்பது. ஃபுல் ஹெச்டி மானிட்டர்களில் விஜிஏ வழியாகப் பொதுவாக 60-க்கு மேல் கிடைக்காது. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் நடுவில் இருந்தாலும் இதே கதைதான்.

ஹெச்டிஎம்ஐ-யிலும் தலைமுறை உண்டு. 1.4 தலைமுறையில் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2.0 தலைமுறையில்தான் 4கே 60 ஹெர்ட்ஸ் வரும். சில மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ வழியாகக் குறைந்த வேகமும், டிஸ்ப்ளேபோர்ட் வழியாக முழு வேகமும் கிடைக்கும். மானிட்டரின் கையேட்டில் எந்தப் போர்ட்டுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதை முதலில் படியுங்கள். பெட்டியோடு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

2. எங்கே சொருகியிருக்கிறீர்கள்?

சிபியூ பெட்டியின் பின்பக்கம் இரண்டு இடங்களில் மானிட்டர் போர்ட் இருக்கலாம். யுஎஸ்பி, ஹெட்போன் துளைகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டின் போர்ட். அதற்குக் கீழே தனியாகப் படுக்கை வாட்டில் இருப்பது கிராபிக்ஸ் கார்டின் போர்ட். பணம் கொடுத்து கார்டு வாங்கிவிட்டு, கேபிளை மதர்போர்டில் சொருகினால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். கேபிளைக் கார்டுக்கு மாற்றுங்கள்.

3. செட்டிங்ஸை மாற்றினீர்களா?

மானிட்டர் தன்னால் என்னென்ன வேகத்தில் ஓட முடியும் என்ற பட்டியலைக் கணினிக்கு அனுப்பும். ஆனாலும், விண்டோஸ் பல நேரம் 60-லேயே தொடங்கும். நாம்தான் மாற்ற வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் போனால் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் வரும். 144 இருந்தால் தேர்ந்தெடுங்கள். திரை கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம். 15 விநாடி எதையும் தொடாமல் இருந்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

பட்டியலில் 144 இல்லையென்றால், என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ பக்கத்தைத் திறங்கள். அங்கே மேலே டிவிக்கான ‘அல்ட்ரா ஹெச்டி, ஹெச்டி, எஸ்டி’ பட்டியலும், கீழே ‘பிசி’ என்ற பட்டியலும் இருக்கும். டிவி பட்டியலில் 60 மட்டும் தெரியும்போது, கீழே பிசி பட்டியலில் 144 இருப்பதுண்டு. கீழே இறங்கிப் பார்க்காமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

4. டிரைவர் ஓடுகிறதா?

கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி வேலை செய்யும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ பகுதியைப் பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் உண்மையான டிரைவர் ஓடவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் 144 வராது.

டிரைவரைக் கார்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘உங்கள் டிரைவர் பழையது, இங்கே அழுத்துங்கள்’ என்று குதிக்கும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். என்விடியா டிரைவர் போடும்போது ‘கஸ்டம்’ என்பதற்குள் ‘கிளீன் இன்ஸ்டலேஷன்’ என்றொரு வசதி உண்டு. பழைய செட்டிங்ஸ் குழப்பங்களை அது துடைத்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தால் பல வீடுகளுக்கு விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் வந்து சேர்ந்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரள அரசுப் பள்ளிகளிலோ பாடமே லினக்ஸில்தான். அதனால் போடி வட்டாரப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் டிரைவர் லினக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். தனியாக எதுவும் போடத் தேவையில்லை.

என்விடியா கார்டு போட்டால்தான் தலைவலி தொடங்கும். அந்த நிறுவனத்தின் டிரைவர் தனியுரிமமானது. அதன் மூலநிரலை வெளியார் பார்த்துத் திருத்த முடியாது. இந்தக் கோபத்தில்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் ஒரு மேடையிலேயே என்விடியாவைக் கடுமையாகத் திட்டினார். 2022 மே மாதம் டிரைவரின் ஒரு பகுதியை அந்த நிறுவனம் திறந்துவிட்டது. ஆனால், அதுவும் 2018-ல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டுமே.

உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற இடத்தில் என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது ‘செக்யூர் பூட்’ இயக்கத்தில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். கணினி மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்து அதைத் தாண்டிப் போய்விட்டால் டிரைவர் ஏறாது. போட்ட டிரைவர் வேலை செய்யவில்லையே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நேற்றுவரை ஓடியது அப்டேட்டுக்குப் பிறகு நின்றுவிட்டதா? மறுதொடக்கத்தின்போது பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் ஓடினால் புதுக் கெர்னலுக்கு டிரைவர் சரியாக அமையவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

144, 60 என்று இரண்டு மானிட்டர் ஒன்றாக வைத்திருந்தால், லாகின் பக்கத்தில் ‘வேலண்ட்’ முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய ‘எக்ஸ் 11’ முறையில் இரண்டையும் அதனதன் வேகத்தில் சீராக ஓட்டுவது கஷ்டம்.

பழைய கார்டு வாங்கும் முன்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். விலை மலிவு என்று பலர் வாங்கும் ஜிடி 710 கார்டை எடுத்துக்கொள்வோம். அது கடைக்கு வந்தது 2016-ல். ஆனால், அதன் உள்ளே இருப்பது 2012-ல் அறிமுகமான கெப்ளர் தலைமுறை சிப். அந்தத் தலைமுறைக்கான என்விடியா டிரைவர் 470 வரிசையோடு முடிந்துவிட்டது. புது டிரைவரை இறக்கிப் போட்டால் அது கார்டைக் கண்டுகொள்ளாது. பெரும்பாலான ஜிடி 710 கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட்டும் கிடையாது. இதை வாங்கிப் புது மானிட்டரோடு சேர்த்தால், மானிட்டரின் முழு வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

கார்டு நன்றாகவே ஓடும் நிலையில் இருந்தாலும், டிரைவரை நிறுத்துவது என்று நிறுவனம் முடிவெடுத்துவிட்டால், நம் ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. மூலநிரல் அவர் கையில் இல்லை. எனவே பழைய கார்டு வாங்கும்போது விலையோடு சேர்த்து, ‘இது எந்தத் தலைமுறை? இதற்கு இன்னும் புது டிரைவர் வருகிறதா?’ என்றும் கேளுங்கள். கார்டின் பெயரைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் தேடினால், போனிலேயே ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

நான்கையும் பார்த்த பிறகும் 144 வரவில்லையா? தெரிந்தவர் வீட்டில் வேறொரு கணினியில் அதே கேபிளோடு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் சிக்கல் உங்கள் கணினியில். அந்தக் கணினி, போர்ட் இரண்டும் 144-ஐத் தாங்கக்கூடியவையாக இருந்து, அங்கும் ஓடவில்லையென்றால் பில்லை எடுத்துக்கொண்டு தைரியமாகக் கடைக்குப் போகலாம். வாரண்டி காலம் முடியும் முன் இதைச் செய்துவிடுங்கள்.