நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன்... பட்டம் பார்த்துச் செய்யுங்கள்!

வயலாய்வுக்குப் போகும் ஊர்களில் பயிர் சந்தேகங்களைக் கேட்டு முடித்ததும், 'சார், நீங்க நெஞ்செரிச்சலுக்கு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டீங்களாமே... நானும் செஞ்சுக்கலாமா?' என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டவன் என்ற முறையில், மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

ஃபுட் வால்வு மூடாவிட்டால்...

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால், குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். உணவுக்குழாயின் அடியிலும் இப்படி ஒருவழிப் பாதையாக ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறும். சிலருக்கு உதரவிதானத்தின் துவாரம் அகன்று, இரைப்பையின் மேல்பகுதியே மார்புக்குள் ஏறிவிடும். இதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா. எனக்கு இருந்தது இதுவே. குனிந்து களை எடுப்பது, மூட்டை தூக்குவது, சாப்பிட்டவுடன் படுப்பது எல்லாம் தொல்லையைக் கூட்டும்.

யாருக்குத் தேவை?

பலருக்குத் தேவையே இல்லை. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது, கட்டிலின் தலைமாட்டை அரை அடி உயர்த்துவது, தொப்பையைக் குறைப்பது, புகையிலையை விடுவது, மருத்துவர் தரும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவது... இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

மாத்திரை போட்டும் எதுக்களிப்பு நிற்காதவர்கள், பெரிய ஹெர்னியா உள்ளவர்கள், ஆயுளுக்கும் மாத்திரை வேண்டாம் என்பவர்கள் யோசிக்கலாம். ஆனால், மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடக் கூடாது என்பதுபோல, என்டோஸ்கோப்பி, தசை அழுத்தத்தைப் பார்க்கும் மானோமெட்ரி, 24 மணி நேர அமிலச் சோதனை போன்றவற்றைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். மாத்திரைக்குக் கொஞ்சமும் அடங்காத எரிச்சல் என்றால், அது அமிலத்தால் வருவதுதானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

6 வாரம் சுமை கூடாது

இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைப்பதுதான் இந்த ஆபரேஷன். பெயர் ஃபண்டோப்ளிகேஷன். இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் தழும்பு சிறியதாக இருப்பதால், உள்ளே தையல் ஆறிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

முதலில் கஞ்சி, மோர். பிறகு குழைந்த சாதம். ஒரு மாதம் வரை கொஞ்சம் கெட்டியாகச் சாப்பிட்டாலும் நெஞ்சில் அடைத்தது. ஏப்பம் வராமல் வயிறு உப்பியது. மென்று, சிறுகச் சிறுக, பல வேளையாகச் சாப்பிட்டதில் படிப்படியாகச் சரியானது. சோடா, கலர் பக்கமே போகவில்லை.

எனக்குச் சொன்ன கணக்கு, 6 வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. நிரப்பிய 16 லிட்டர் ஸ்பிரேயரில் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அவசரப்பட்டுத் தூக்கினால், சுற்றித் தைத்த பகுதி மேலே நழுவி, மறுபடியும் ஆபரேஷன் வரை போகலாம். எனவே, சம்பா அறுவடை முடிந்து வயல் சும்மா கிடக்கும் நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்குத் தீவனம் தூக்க ஆள் ஏற்பாடு செய்தபிறகே தேதி வாங்குங்கள். சிலருக்குப் பிற்காலத்தில் மீண்டும் மாத்திரை தேவைப்படலாம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இதற்கு மட்டும் பட்டம் பார்க்காதீர்கள்

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பாக மலம் போவது... இவை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். வியர்வையோடு நெஞ்சு அழுத்தினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, 'கேஸ்'தான் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.